குரலுக்கும் உரைகல் வேண்டும்

செஞ்சிக்கோட்டையைக் காண வருகிறவர்கள் பெரும்பாலும் தேசிங்கு ராஜனைத் தேடியே வருகிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலப் படைத்தளங்களாகத் தொகுக்கப்பட்ட 12 கோட்டைகளுள் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. அதன்பின் சிவாஜியையும் இராஜாராமையும் பற்றிக் கேட்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். எனக்கோ இராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது ஒரு வதந்தி.

1689இன் இறுதியில் மராட்டிய அரசர் இராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். பின்னர் அவருடைய தந்தையும் பேரரசின் முதலமைச்சருமான ஆசாத் கானும், ஔரங்கசீப்பின் கடைசி மகனான இளவரசர் காம் பக்ஷும் படையுடன் வந்து இணைந்தனர். 1692இன் இறுதியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகளின் குதிரைப்படை இப்பகுதிக்குள் புகுந்து, முகலாயப் பாசறைக்குத் தானியமும் தபாலும் வரும் வழிகளை அடைத்தது. பேரரசரிடமிருந்து கடிதம் வருவது நின்றது. கடிதம் நின்ற இடத்தில் வதந்தி நுழைந்தது: ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று.

பேரரசருக்கு அப்போது 74 வயது. ஆகவே அது நம்பவே முடியாத செய்தியன்று. இளவரசர் நம்பினார். தந்தைக்குப் பின் அரியணைக்காக அண்ணன்மாருடன் மோதவேண்டியிருக்கும் என்ற அச்சமும், தானே அரியணை ஏறலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டன. யாரை வெல்ல வந்தாரோ அந்த இராஜாராமுடனேயே இரகசியமாகப் பேசத் தொடங்கினார். செய்தி கசிந்தது. ஆசாத் கானும் சுல்பிகர் கானும் பேரரசரின் மகனையே கைதுசெய்தனர். குழப்பமுற்ற படை, 1693 ஜனவரியில் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை விழ 1698 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இறந்துவிட்டதாகப் பேசப்பட்ட ஔரங்கசீப்போ அதன்பின் 14 ஆண்டுகள் வாழ்ந்து 1707இல்தான் மறைந்தார்.

காம் பக்ஷ் அறிவிலி என்று இதைக் கடந்துவிடுவது எளிது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் வேறுவிதமாகவே பார்க்கிறேன். எந்தப் பொருளுக்கும் தட்டுப்பாடு வந்தால் அதன் விலை ஏறும். போலிச் சரக்கும் அப்போது நல்ல விலைக்குப் போகும். செய்திக்கும் அதுவே விதி. சரிபார்க்கும் வழி அடைபட்டிருந்தது. உள்ளத்தில் அச்சம் இருந்தது. வந்த செய்தியோ உள்ளூர விரும்பிய செய்தியாக இருந்தது. இம்மூன்றும் கூடும் இடத்தில் அறிவுள்ளவரும் ஏமாறுவர். நானறிந்த ஒரு நிகழ்ச்சியும் அதற்குச் சான்று.

ஒரு வார்த்தை சொல்லாத குற்றம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். உருக்கமாகச் செபித்தார். விவிலியம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. செபம் முடிந்ததும் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். ஒரு லட்சம் ரூபாய் கட்டினால் மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாய். இலாபத்தில் ஒரு பகுதி இறைப்பணிக்கு. இத்திட்டம் தமக்குச் செபத்தில் காட்டப்பட்டது. இம்மாத இறுதிக்குள் சேர்பவர்களுக்கே இடம். எங்கள் பங்கில் மதிப்புக்குரிய இருவர் ஏற்கெனவே சேர்ந்து, இரண்டு மாதத் தொகையையும் பெற்றிருந்தனர்.

அண்மையில் ஓய்வுபெற்றிருந்த ஓர் ஆசிரியை, கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

“சார், நீங்க பொருளாதாரம் படிச்சவங்க. இதுல போடலாமா?”

“எல்லாரும் போடுறாங்களே டீச்சர். கொஞ்சம் விசாரிச்சுச் செய்யுங்க” என்றேன்.

அன்றே எனக்குக் கணக்குத் தெரியும். மாதம் பத்து விழுக்காடு என்பது எந்த நேர்மையான தொழிலும் தொடர்ந்து தரமுடியாத வருவாய் என்பதை இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால், சேர்ந்திருந்தவர்கள் என் நண்பர்கள். செபத்தில் காட்டப்பட்டது என்று ஒருவர் சொன்னதைக் கணக்குப் போட்டு மறுத்தால், படித்த திமிர் என்றும் விசுவாசக் குறைவு என்றும் பேசுவார்களோ என்று தயங்கினேன். ஆகவே இரண்டு பக்கமும் சாயாத ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். அந்த ஆசிரியை அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டார். ஏழு மாதங்களில் பணம் வருவது நின்றது. வந்தவரின் கைப்பேசியும் நின்றது. பணிக்கொடையின் பெரும்பகுதி போயிற்று.

பின்னொரு நாள் அவர் என்னிடம் சொன்னார்: “நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன் சார்.” குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. எந்தக் குரலை நம்புவது என்ற கேள்வியை நான் படிப்புக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடனுக்காக எடுத்துக்கொண்டேன்.

சோதிப்பது அவிசுவாசமா?

கிறித்தவர்களிடையே பரவலாக ஓர் எண்ணம் உண்டு. நம்புவது புண்ணியம், கேள்வி கேட்பது ஐயம், ஐயம் பாவம். அன்று என் வாயை அடைத்ததும் இந்த எண்ணந்தான். ஆனால் விவிலியம் இப்படிச் சொல்லவில்லை.

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலில் பவுல், இறைவாக்குகளை இகழவேண்டாம் என்கிறார். அடுத்த மூச்சிலேயே அனைத்தையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். யோவானின் முதல் மடல், எல்லாத் தூண்டுதல்களையும் நம்பிவிடாமல் அவை கடவுளிடமிருந்து வருகின்றனவா என்று சோதிக்கப் பணிக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் பெரோயா நகரத்தார் பாராட்டப்படுகிறார்கள். காரணம், அவர்கள் பவுல் சொன்னதை ஆர்வத்துடன் கேட்டார்கள். ஆனால் அது உண்மையா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்தார்கள். சோதிக்கப்பட்டவர் பெயர் தெரியாத போதகர் அல்லர், பவுலே. அவர் சினந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

எரேமியா நூலின் 28ஆம் அதிகாரத்தில் இன்னும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டுகளில் முறியும் என்று அனனியா என்பவர் ஆண்டவரின் பெயரால் கோயிலில் அறிவிக்கிறார். மக்கள் கேட்க விரும்பிய செய்தி அது. எரேமியாவும் அதை விரும்பினார். அப்படியே ஆகட்டும் என்றே முதலில் சொல்கிறார். ஆனால் விருப்பத்தைச் சான்றாக அவர் கொள்ளவில்லை. நல்வாழ்வு வரும் என்று முன்னுரைப்பவரின் சொல் நிறைவேறும்போதுதான் அவர் ஆண்டவர் அனுப்பியவர் என்பது தெரியவரும் என்று கூறுகிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தபோதும் கூச்சலிடாமல் எழுந்து போய்விடுகிறார். தெளிவு பெற்ற பின்னரே திரும்பி வந்து மறுக்கிறார். செஞ்சியில் காம் பக்ஷ் செய்யத் தவறியது இதைத்தான். தான் விரும்பும் செய்தி வரும்போது சற்றுப் பொறுத்திருக்க அவருக்குத் தெரியவில்லை.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவருடைய செயலே உரைகல் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. கனியைக் கொண்டே மரத்தை அறியவேண்டும் என்று இயேசு மலைப்பொழிவில் கூறியதை இதனருகே வைத்துப் பார்க்கலாம்.

நாணயச் சோதகரின் நான்கு கேள்விகள்

நான்கு நற்செய்திகளில் இடம்பெறாவிட்டாலும், இயேசு கூறியதாகத் தொடக்கத் திருச்சபையில் வழங்கிய ஓர் அறிவுரை உண்டு. சீடர்கள் தேர்ந்த நாணயமாற்றுநரைப் போல இருக்கவேண்டும் என்பது அதன் பொருள். அலெக்சாந்திரியா கிளமெந்தும் ஒரிஜனும் இதனைச் சுட்டியுள்ளனர். எகிப்தியப் பாலைநிலத் துறவிகளின் உரையாடல்களை 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த யோவான் காசியன், இவ்வறிவுரையை விரித்து நான்கு சோதனைகளாகத் தருகிறார். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் பொருள் கொண்ட மொழி நம்முடையது. காசைச் சோதிப்பவரை வண்ணக்கர் என்றழைத்து, சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அச்சொல்லைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆகவே காசியனின் உவமை நமக்கு அயலானதன்று. எங்கள் பங்குக்கு வந்த திட்டத்தை அந்த நான்கு கேள்விகளில் உரைத்துப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி: உலோகம் பொன்னா, பொன் முலாமா? அழகிய பேச்சை நீக்கிவிட்டுச் சரக்கை மட்டும் பார்ப்பது இது. மாதம் பத்து விழுக்காடு என்ற வருவாயை எடுக்காமல் மீண்டும் மீண்டும் முதலாக்கினால், ஒரு லட்சம் ரூபாய் ஐந்து ஆண்டுகளில் 3 கோடி ரூபாயைத் தாண்டும். வங்கியில் ஓராண்டு வைப்புக்கு ஒற்றை இலக்க விழுக்காடே கிடைக்கும் நாட்டில், ஆண்டுக்கு 120 விழுக்காடு ஈட்டும் தொழில் ஒருவருக்கு இருந்தால், அவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகளைத் தேடி அன்பியக் கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை. வங்கிக் கடனே அவருக்கு மலிவாகக் கிடைக்கும். இக்கேள்வியைக் கேட்க முனைவர் பட்டம் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

இரண்டாம் கேள்வி: பொன் உண்மையாக இருந்தாலும், அதில் பொறித்த உருவம் உரிய அரசனுடையதா? மறைநூல் வசனம் பொன்தான். ஆனால் அந்தப் பொன்மீதே பொய்யான பொருளைப் பொறிக்கமுடியும். பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த அலகையும் திருப்பாடலையே மேற்கோளாகக் காட்டியது என்பதைக் காசியன் நினைவூட்டுகிறார். கொடுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும் என்ற பொருளில் அமைந்த நற்செய்திப் போதனையை வட்டி விகிதமாக மாற்றுகிறவர்கள் செய்வது அதுவே. வசனம் மனப்பாடமாக இருப்பது நம்பகத்துக்குச் சான்றாகாது.

மூன்றாம் கேள்வி: காசு எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது? சொல்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? பங்குப் பேரவையா, மறைமாவட்டமா, அரசின் பதிவு அலுவலகமா, தணிக்கையாளரா? “எனக்குச் செபத்தில் காட்டப்பட்டது” என்ற கூற்றின் சிக்கல் இதுதான். அதைக் கேட்பவர் சரிபார்க்க வேறு இடமே இல்லை. இறைவன் தனியொருவரிடம் பேசமாட்டார் என்று நான் சொல்லவில்லை. பேசினார் என்பதைக் காட்டிப் பிறருடைய பணத்தைக் கேட்கும்போது, கேட்பவர் சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தாகவேண்டும். லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதிகளுள் ஒன்று, ஏமாற்றும் ஆவி இரகசியத்தை விரும்பும் என்கிறது. விவரமறிந்த ஒருவரிடம் திறந்து சொன்னதும் அதன் வலிமை குன்றிவிடும். வீட்டில் சொல்லாதீர்கள், வங்கி மேலாளரிடம் கேட்காதீர்கள், இன்றைக்குள் முடிவெடுங்கள் என்ற குரல் எதுவாயினும் இவ்விதியை நினைக்கவேண்டும்.

நான்காம் கேள்வி: எடை சரியாக இருக்கிறதா? உண்மையான காசும் தேய்ந்து எடை குறையலாம். நல்ல மனிதரின் சொல்லும் தன்னலம் கலந்தால் எடை குறையும். முதலில் சேர்ந்த என் நண்பர்கள் இருவரும் பொய்யர்கள் அல்லர். ஆனால் ஆள் சேர்த்தால் அவர்களுக்குத் தனித்தொகை உண்டு என்பது பின்னர்தான் தெரிந்தது. அறிவுரை சொல்பவருக்கு நாம் இணங்குவதால் என்ன கிடைக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. திதாக்கே என்னும் பழங்கிறித்தவ நூல், ஆவியின் ஏவலால் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்கக் கூடாது என்றும், வறியவர்களுக்காகக் கேட்டால் அவரைத் தீர்ப்பிடவேண்டாம் என்றும் பிரித்துக் காட்டுகிறது. பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது; சோதிக்கும் வழியும் இருந்திருக்கிறது.

கேள்வி கேட்ட ஓர் ஆசிரியர்

படித்தவர்களும் நிறுவனங்களும் இவ்வாறு ஏமாறமாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் ‘நியூ எரா’ அறக்கட்டளையின் கதை போதும். பிலடெல்பியா அருகே ஜான் பென்னட் என்பவர் நடத்திய இந்த அமைப்பு, பெயர் வெளியிட விரும்பாத செல்வந்தர்கள் சிலர் தம் பின்னால் இருப்பதாகவும், தம்மிடம் சில மாதங்கள் வைக்கப்படும் தொகையை அவர்கள் இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றும் கிறித்தவக் கல்லூரிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் கூறியது. அப்படிப்பட்ட செல்வந்தர் ஒருவரும் இல்லை. பின்னால் வந்தவர்களின் பணமே முன்னால் வந்தவர்களுக்குப் போயிற்று. 1920இல் பாஸ்டனில் 45 நாள்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகச் சொன்ன சார்லஸ் போன்சியின் அதே வழிமுறை, செபத்துடன் சேர்ந்து நடந்தது. 1995இல் அந்த அமைப்பு திவாலானது. 1997இல் பென்னட்டுக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் என்னை நாணச் செய்பவர் ஆல்பர்ட் மேயர். மிச்சிகன் மாநிலத்தில் ஸ்பிரிங் ஆர்பர் என்னும் கிறித்தவக் கல்லூரியில் அவர் கணக்கியல் கற்பித்தார். அவருடைய கல்லூரியும் நியூ எராவிடம் பணம் கொடுத்திருந்தது. அவர் அந்த அமைப்பின் வரி ஆவணங்களை வாங்கிப் பார்த்தார். அவ்வளவு பெருந்தொகையை வைத்திருப்பதாகச் சொல்லும் அமைப்புக்கு வட்டி வருவாய் மிகச் சொற்பமாக இருந்தது. கல்லூரிக்குள் அவர் எழுப்பிய எச்சரிக்கைகளுக்கு வரவேற்பு இல்லை. இருந்தும் விடாமல் கேட்டார். இறுதியில் பங்குச் சந்தை ஒழுங்காணையத்திடமும் பத்திரிகையிடமும் சென்றார். அவரும் ஆசிரியர், நானும் ஆசிரியன். அவருக்குத் தெரிந்த அளவு கணக்கு எனக்கும் தெரியும். வேறுபாடு கணக்கில் இல்லை.

எசேக்கியேல் நூலில் காவற்காரனைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்துவிட்டால், மாண்டவனின் இரத்தப் பழி காவற்காரன்மீதே விழும் என்பது அதன் கருத்து. இராஜகிரியின் உச்சியிலிருந்து பார்த்தால் பல கல் தொலைவுவரை வயலும் சாலையும் தெரியும். அந்த உயரத்தில் காவல் நிற்பவனுக்குப் பார்வை ஒரு சலுகையன்று, கடமை. ஒரு துறையில் படித்தவனுக்கும் அவ்வாறே. தவறான குரல்கள் ஒலிப்பதால் மட்டும் மக்கள் ஏமாறுவதில்லை. தெரிந்தவர்கள் மழுப்பலாகப் பேசுவதாலும் ஏமாறுகிறார்கள்.

எவரையும் நம்பாதே என்பது விடையா?

அப்படியானால் எல்லாரையும் சந்தேகிப்பதே பாதுகாப்பு என்று சிலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். இதுவும் பொறிதான். 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார்களின் சந்தையை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். நல்ல காரையும் பழுதான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாக் காருக்கும் குறைந்த விலையே பேசுவார். அந்த விலைக்கு நல்ல காரின் உரிமையாளர் விற்கமாட்டார், சந்தையைவிட்டு விலகுவார். முடிவில் பழுதான கார்களே எஞ்சும்.

குரல்களின் சந்தையும் அப்படித்தான். உண்மை பேசும் குருவையும் நடிப்பவரையும், நேர்மையான மருத்துவரையும் கைப்பேசியில் மருந்து சொல்பவரையும் ஒரே விலைக்கு மதிக்கத் தொடங்கினால், பொறுப்போடு பேசுபவர்கள் மௌனமாவார்கள். உரக்கப் பேசுபவர்களே மிஞ்சுவார்கள். ஆகவே சோதிப்பது நல்ல குரலுக்கு எதிரானது அன்று. அதைக் காப்பாற்றும் வழி. சோதித்துத் தெளிந்த பின் நம்பவும் தெரியவேண்டும். இஞ்ஞாசியார் மரபில் வந்தோர் இதனைத் தெளிந்து தேர்தல் என்பர். தெளிவதோடு நிற்காமல், தேர்வதும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்று இந்தப் பயிற்சி முன்னைவிட அவசரமாகிவிட்டது. மகனின் குரலையே கணினியால் போலி செய்து, விபத்து என்று சொல்லிப் பணம் கேட்கும் மோசடி நடக்கிறது. காவல் அதிகாரியாக வேடமிட்டு, காணொளி அழைப்பிலேயே ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறார்கள். பார்வை மங்கிய ஈசாக்கு, குரல் யாக்கோபுடையது என்று காதால் உணர்ந்தும், கையைத் தடவிப் பார்த்து ஏசா என்று முடிவுசெய்து ஏமாந்த கதை தொடக்கநூலில் இருக்கிறது. இன்று காதும் ஏமாறும், கண்ணும் ஏமாறும். ஆடுகள் ஆயனின் குரலை அறியும் என்று யோவான் நற்செய்தி சொல்வதை நான் இப்போது வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். குரலின் ஒலியை அறிவதன்று அது. நாள்தோறும் உடன் நடந்து, ஆபத்தில் ஓடாதவர் யார் என்று கண்டு அறிவது. கூலிக்காரன் ஓநாயைக் கண்டதும் ஓடிவிடுகிறான் என்ற வேறுபாட்டை அந்தப் பகுதியே காட்டுகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற ஒரு நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்திருக்கவேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997 முதலே இருக்கிறது. புகார்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். ஆனால் இவையெல்லாம் பணம் தரும் முன் ஓர் இரவு பொறுத்திருக்கிறவருக்கே பயன்படும். ஆகவே எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். செபக் கூட்டத்தில் எவரும் முதலீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. வெளியே எவர் பேசினாலும், பதிவுச் சான்றைக் கையில் வாங்கி, வீட்டாரிடமும் அதில் ஆதாயம் இல்லாத ஒருவரிடமும் காட்டாமல் பதில் சொல்வதில்லை. அந்த ஆதாயமில்லாத ஒருவராக என்னிடம் வருகிறவர்களுக்கு, விசாரித்துச் செய்யுங்கள் என்று நான் இப்போது சொல்வதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வியாபாரி நெல் மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். ஓரிரு மணியைக் கடித்துப் பார்ப்பார். மூட்டைக்கு உரிய விவசாயி அருகிலேயே நிற்பார். அதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தம் நெல்லை அறிந்தவர் அவர். வேண்டுமானால் இன்னொரு மூட்டையையும் பாருங்கள் என்பார்.

அந்த ஆசிரியை இழந்த பணம் இன்றுவரை திரும்பவில்லை. என்னிடம் அவர் இப்போதும் கேள்வி கேட்கிறார். என் பதிலை அப்படியே ஏற்பதில்லை, இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. என் சொல்லும் ஒரு மூட்டைதான், குத்திப் பார்க்கட்டும்.